நிரந்தர ஜீவனாம்சம்: நீதிபதி எதைப் பார்த்துத் தொகையை எழுதுகிறார்?

விவாகரத்து என்று வக்கீல் முன்னால் முதன்முதலாக வந்து உட்காருகிறவர்கள் பத்து நிமிஷத்துக்குள் இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள். பெண் என்றால், "எவ்வளவு சார் கிடைக்கும்?" ஆண் என்றால், "எவ்வளவு சார் கொடுக்க வேண்டியிருக்கும்?" கூடவே வந்த மாமாவோ சித்தப்பாவோ, "சம்பளத்துல கால்வாசிதானே சார்?" என்று பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.

அந்தக் கால்வாசிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னால் சொல்கிறேன். நம் சட்டத்தில் எங்கேயும் சதவீதம் எழுதிவைக்கவில்லை. தொகையை நீதிபதிதான் தீர்மானிக்கிறார். அவருக்கு உங்கள் வீடும் தெரியாது, உங்கள் பன்னிரண்டு வருஷக் குடித்தனமும் தெரியாது; மேஜையில் இருக்கும் காகிதமும் கூண்டில் நீங்கள் சொல்லும் பதிலும்தான் தெரியும். பல வருஷம் குடும்ப நீதிமன்ற வராந்தாவில் நின்று பார்த்ததில், சண்டையில் நியாயம் யார் பக்கம் இருந்தாலும் தொகை என்று வரும்போது தராசு காகிதம் வைத்திருப்பவர் பக்கம்தான் சாய்கிறது. இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றித்தான்.

முதல் படி: உங்கள் கல்யாணம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது?

இந்து முறைப்படி நடந்த திருமணம் என்றால் இந்து திருமணச் சட்டம், 1955. அதில் 24ஆம் பிரிவு வழக்கு நடக்கும் காலத்துக்கான இடைக்கால ஜீவனாம்சம், 25ஆம் பிரிவு நிரந்தர ஜீவனாம்சம். இந்த இரண்டு பிரிவுகளிலும் மனைவி கேட்கலாம், கணவனும் கேட்கலாம். கணவன் கேட்டு வாங்குவது அபூர்வம். ஆனால் சட்டம் கதவை மூடவில்லை. பௌத்தர், சமணர், சீக்கியர்களுக்கும் இதே சட்டம்தான்.

பதிவுத் திருமணம், அதாவது சிறப்புத் திருமணச் சட்டம் 1954 என்றால் 36, 37 பிரிவுகள். கிறிஸ்தவத் திருமணத்துக்கு 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். அங்கேயும் தற்செயலாக அதே 36, 37தான். இந்த இரண்டு சட்டங்களிலும் மனைவி மட்டுமே கேட்க முடியும். முஸ்லிம் பெண்களுக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. இத்தா காலத்துக்கு, அதாவது தலாக்குக்குப் பிறகு மறுமணம் செய்யாமல் அவள் காத்திருக்க வேண்டிய நாட்களுக்கு மட்டும் பணம் கொடுத்துக் கைகழுவ முடியாது, அவளுடைய எதிர்காலத்துக்கும் சேர்த்து நியாயமான ஏற்பாட்டை அந்தக் காலத்துக்குள்ளேயே செய்ய வேண்டும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதெல்லாம் போக, மதம் பார்க்காத வழி ஒன்று உண்டு. பழைய ஆட்கள் இன்னும் '125' என்றே சொல்வார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்த 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகிவிட்டது. விவாகரத்தான பெண்ணும் மறுமணம் செய்யாதவரை அதில் மனு போடலாம். முஸ்லிம் பெண்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது.

இரண்டு மூன்று இடத்தில் மனு போட்டால் இரண்டு மூன்று மடங்கு கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. முதல் இடத்தில் வாங்கிய உத்தரவை அடுத்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். அந்தத் தொகையைக் கழித்துத்தான் அடுத்த நீதிமன்றம் கணக்குப் போடும். மறைத்து மாட்டினால் அதுவரை சொன்ன உண்மையும் பொய்யாகத் தெரியும்.

இரண்டாம் படி: கேட்க வேண்டிய நேரத்தில் கேளுங்கள்

நிரந்தர ஜீவனாம்சம் தானாக வராது. 'மனுவின் பேரில்' என்றுதான் 25ஆம் பிரிவு சொல்கிறது. விவாகரத்து மனுவிலோ எதிருரையிலோ சேர்த்துக் கேளுங்கள், அல்லது தனி மனுவாகப் போடுங்கள். மறந்துபோய் தீர்ப்பும் வந்துவிட்டதா? பரவாயில்லை, தீர்ப்புக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் விவாகரத்து மனு தள்ளுபடியாகிக் கல்யாணம் அப்படியே நிலைத்தால் 25ஆம் பிரிவு பயன்படாது. அப்போது 144 போன்ற வேறு வழிதான்.

இடைக்கால மனுவை அலட்சியமாக விடாதீர்கள். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள், முடிந்தவரை, அதை முடிக்க வேண்டும் என்பது சட்டம். வாய்தா மேல் வாய்தா போய் அது இழுத்துக்கொண்டு போவது நடைமுறை. ஆனால் உத்தரவு வரும்போது மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு தொடங்கும். இது 2020 நவம்பர் 4 அன்று, வக்கீல்கள் எல்லோரும் 'ரஜ்னேஷ் எதிர் நேஹா' என்று சொல்லும் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் போட்ட விதி. அதனால் மனுவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கைக்காசு.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் பெண்கள் நிறைய. பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

மூன்றாம் படி: சொத்து, கடன் பிரமாண வாக்குமூலம்

இங்கேதான் வழக்கு ஜெயிக்கிறது, தோற்கிறது.

அதே 2020 தீர்ப்பு ஒரு படிவத்தைக் கொடுத்தது. ஜீவனாம்சம் கேட்பவர், கொடுக்க வேண்டியவர் இருவருமே தங்கள் வருமானம், செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் அதில் எழுதிச் சத்தியம் செய்து தாக்கல் செய்ய வேண்டும். எதிர்மனுதாரருக்கு அதிகபட்சம் நான்கு வாரம். விவசாயக் குடும்பங்களுக்குத் தனிப் படிவமே இருக்கிறது. நிலம் எவ்வளவு, என்ன பயிர், மாடு கன்று எத்தனை என்று கேட்கும்.

ஒரு காட்சி சொல்கிறேன். நான் ஜூனியராக இருந்த காலம். ஒரு பெண் செலவுப் பக்கத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். 'குடும்பச் செலவு: 25,000' என்று ஒரே வரி. சீனியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, பால் எவ்வளவு?"

"ஒரு லிட்டர் சார், தினமும்."

"அது எங்க இதுல? கேஸ்? பையனுக்கு வேன்? அம்மாவுக்கு சுகர் மாத்திரை வாங்குறேன்னு போன வாரம் சொன்னியே?"

அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதினாள். வாடகை, கரண்ட், பால், மளிகை, கேஸ், வேன், டியூஷன், மாத்திரை, போன் ரீசார்ஜ், பஸ் பாஸ். கூட்டிப் பார்த்தால் 23,400. முதலில் எழுதியதைவிடக் குறைவு! அவள் முகம் வாடிவிட்டது. சீனியர் சிரித்தார். "இந்த 23,400ஐ யாராலும் அசைக்க முடியாதும்மா. உன்னோட அந்த 25,000த்தை எதிர் வக்கீல் ரெண்டு கேள்வில பதினஞ்சு ஆக்கிடுவார்." குறுக்கு விசாரணையில் அதுதான் நடந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு ரசீது எழுந்து நின்றது.

நீங்கள் சேர்க்க வேண்டியவை: மூன்று வருஷத்து ஐடி ரிட்டர்ன், சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, எல்லா பேங்க் கணக்குகளின் ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம், ஸ்கூல் ஃபீஸ் ரசீது, மருத்துவ பில், உங்கள் பெயரில் இருக்கும் நகைக்கடன் சீட்டு. எல்லா கணக்குகளும் என்றால் எல்லாமும்தான். அண்ணன் பணம் அனுப்பும் அந்த இரண்டாவது கணக்கும் சேர்த்தி. வேலைக்குப் போகிறீர்கள் என்றால் சம்பளத்தை எழுதிவிடுங்கள். வேலைக்குப் போகும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சம்பளத்தை மறைத்து, பிஎஃப் பதிவிலிருந்து அது வெளியே வந்தால்தான் ஆபத்து. பொய்ச் சத்தியத்துக்குத் தனியாக நடவடிக்கை வரும் என்று படிவத்தைக் கொடுத்த தீர்ப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

எதிராளி மறைத்தால்? சொந்தத் தொழில் செய்கிறவர்கள் 'மாத வருமானம் 12,000' என்று கூசாமல் எழுதுவார்கள். அங்கே நேரடிச் சான்று கிடைக்காது. வாழ்க்கை முறையைத்தான் காட்ட வேண்டும். நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுக்கலாம். காரின் பதிவு யார் பெயரில், ஜிஎஸ்டி எண் இருக்கிறதா, கடைக்கு எத்தனை ஆள், குழந்தை எந்தப் பள்ளியில் படித்தது, போன வருஷம் எங்கே சுற்றுலா போனார்கள் என்று பாருங்கள். குறிப்பிட்ட ஆவணம் முதலாளியிடமோ பேங்கிலோ இருக்கிறது என்றால், அதை வரவழைக்கச் சொல்லி மனு போடலாம். 12,000 சம்பாதிக்கிறவர் 18,000 ரூபாய் கார் தவணை எப்படிக் கட்டுகிறார் என்ற கேள்வியை நீதிபதியே கேட்டுவிடுவார்.

நான்காம் படி: நீதிபதி எடைபோடுவது எப்படி

25ஆம் பிரிவு நான்கு விஷயங்களைச் சொல்கிறது: கொடுப்பவரின் வருமானமும் சொத்தும், கேட்பவரின் வருமானமும் சொத்தும், இருவரின் நடத்தை, மற்ற சூழ்நிலைகள். அந்த 'மற்ற சூழ்நிலைகள்' என்ற பைக்குள்தான் வாழ்க்கையே இருக்கிறது. வயது, உடல்நிலை, எத்தனை வருஷக் கல்யாணம், சேர்ந்து வாழ்ந்தபோது இருந்த வசதி, குடும்பத்துக்காக வேலையை விட்டாரா, திரும்ப வேலைக்குப் போக முடியுமா, அவரை நம்பி வேறு யார் இருக்கிறார்கள் என்று எல்லாமும் அதில் வரும்.

சரி, அந்தக் கால்வாசி. 2017இல் ஒரு வழக்கில், கணவரின் நிகர சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கும் வேர் 1970இல் வந்த பழைய தீர்ப்பில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 25 சதவீதம் சொன்ன அந்த 2017 தீர்ப்பிலேயே, கணவருக்கு மறுமணமாகிக் குழந்தையும் இருக்கிறது என்பதைப் பார்த்து, 23,000 ரூபாயை 20,000 ஆக்கிவிட்டார்கள். அதாவது சொன்னவர்களே அதைக் கறாராகப் பிடித்துக்கொள்ளவில்லை. அது ஒரு கைவிளக்கு, அளவுகோல் இல்லை.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கணவரின் மொத்த சம்பளம் 90,000. வரியும் பிஎஃபும் 12,000. தன் பெயரில் வாங்கிய ஃப்ளாட்டுக்கு மாதத் தவணை 25,000. பெர்சனல் லோன் 10,000. "என் கைக்கு வருவது 43,000தான்" என்று அவர் வாக்குமூலம் கொடுக்கிறார். நீதிபதி பொதுவாக வரி, பிஎஃப் மாதிரிக் கட்டாயப் பிடித்தங்களை மட்டும்தான் கழிப்பார். ஃப்ளாட் தவணை அவருடைய சொத்தாக வளர்ந்துகொண்டிருக்கிறது. அதை மனைவியின் சாப்பாட்டுக்கு முன்னால் நிறுத்த முடியாது. பெர்சனல் லோன் நோட்டீஸ் வந்த இரண்டாவது மாதம் வாங்கியது என்றால், சொல்லவே வேண்டாம். ஆக, கணக்குக்கு எடுப்பது 78,000. அதில் கால்வாசி 19,500.

இனிமேல்தான் ஏற்றமும் இறக்கமும். மனைவி ஒரு தனியார் பள்ளியில் 15,000 வாங்குகிறார் என்றால் சற்று இறங்கும். பதினோரு வருஷக் கல்யாணம், பிரசவத்துக்காக விட்ட வேலையில் இன்று இருந்திருந்தால் இரண்டு மடங்கு சம்பளம் என்றால் ஏறும். கணவரின் வயதான பெற்றோருக்கு மருந்துச் செலவு இருந்தால் இறங்கும். மனைவிக்குச் சொந்த வீடு இல்லாமல் வாடகையில் இருந்தால் ஏறும். கடைசியில் நிற்கும் எண் 14,000ஆகவும் இருக்கலாம், 22,000ஆகவும் இருக்கலாம். இரண்டு நீதிபதிகள் ஒரே காகிதத்தைப் பார்த்து இரண்டு எண் எழுதுவதும் உண்டு. அதை ஒளிக்க ஒன்றுமில்லை.

அடிக்கடி வரும் வாதங்கள் சிலவற்றுக்கு மேல் நீதிமன்றங்கள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டன. "எம்.எஸ்சி படித்தவள், சம்பாதிக்க முடியும்" என்றால், சம்பாதிக்கும் தகுதி வேறு, சம்பாதிப்பது வேறு. "அவள் அப்பா பணக்காரர்" என்றால், அப்பாவின் பணம் கணக்கில் வராது. "எனக்கு வேலையே இல்லை" என்று திடகாத்திரமான கணவர் சொன்னால், உழைக்கும் தெம்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். விவாகரத்து மனைவியின் கொடுமைக்காகவே கிடைத்தது என்றாலும் ஜீவனாம்சம் அடியோடு போய்விடாது. நடத்தை தராசில் ஒரு கல், அவ்வளவுதான். கல்யாணமே செல்லாது என்று தீர்ப்பானாலும் 25ஆம் பிரிவில் கேட்கலாம் என்று 2025 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியது.

பெண்கள் பக்கமும் ஒரு மிகையான எதிர்பார்ப்பு உண்டு. பிரிந்த பிறகு கணவர் கோடீஸ்வரர் ஆகிவிட்டார், அவருக்குச் சமமாக எனக்கும் வேண்டும் என்பது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. சேர்ந்து வாழ்ந்தபோது இருந்த வாழ்க்கைத் தரம்தான் எல்லை. சொத்தைச் சமமாகப் பிரிக்கும் வழியாக ஜீவனாம்சத்தைப் பயன்படுத்த முடியாது. ஆனால் அதே டிசம்பரில் இன்னொரு வழக்கில், ஐந்தாறு வருஷமே சேர்ந்து வாழ்ந்து இருபது வருஷம் பிரிந்திருந்த மனைவிக்கு ஐந்து கோடியும் மகனுக்கு ஒரு கோடியும் கொடுத்தது. கணவருக்கு அந்த அளவு வசதி காகிதத்தில் நிரூபணமாகியிருந்தது.

கல்யாணம் எத்தனை வருஷம் என்பதற்கு என் பார்வையில் எடை கூடிக்கொண்டே போகிறது. நியாயமான காலம்கூட நிற்காத கல்யாணத்துக்கு ஆயுள் முழுக்கக் கொடுக்கச் சொல்வது நியாயமாகாமல் போகலாம் என்று 2020 தீர்ப்பிலேயே இருக்கிறது. இளம் தம்பதிகள் இதை மனதில் வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்கு உட்காருவது நல்லது.

ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். பிள்ளையின் பராமரிப்புச் செலவு தனி, மனைவியின் ஜீவனாம்சம் தனி. கல்யாணத்தில் போட்ட நகை, சீர் எல்லாம் உங்களுடையதே. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு "ஜீவனாம்சம் கொடுத்தாச்சு" என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள். கையெழுத்துப் போடாதீர்கள்.

ஐந்தாம் படி: மொத்தமாகவா, மாதாமாதமா?

பரஸ்பர சம்மத விவாகரத்தில் பெரும்பாலும் மொத்தத் தொகைதான். எல்லோரும் 'ஒன் டைம் செட்டில்மென்ட்' என்பார்கள். அதில் முகம் பார்க்க வேண்டியதில்லை, வாய்தாவுக்கு அலைய வேண்டியதில்லை. கொடுப்பவர் வெளிநாடு போகப்போகிறார், வேலை நிலையில்லை, பணம் மறைக்கும் ஆள் என்றால் மொத்தமாக வாங்குவதே புத்திசாலித்தனம். மனு போடும் நாளில் ஒரு பங்கு, இறுதி உத்தரவு நாளில் மிச்சம் என்று டிமாண்ட் டிராஃப்டாக நீதிமன்றத்திலேயே கைமாறினால் நல்லது. 'ஆறு மாசத்தில் தருகிறேன்' என்ற வாக்கை நம்பி இறுதிக் கையெழுத்தைப் போட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கையில் பெரிய தொகை வந்தால் சொந்தக்காரர் கடன் கேட்டுக் கரைத்துவிடுவார் என்ற பயம் இருந்தால் மாதத் தொகை மேல். ஆனால் ஏற்றம் கேட்க மறக்காதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் கொடுத்த 20,000ஐ மாதம் 50,000 ஆக்கி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஐந்து சதவீதம் கூட வேண்டும் என்றது. அந்த ஒரு வரி உத்தரவில் இல்லையென்றால், விலைவாசி ஏறும்போதெல்லாம் புது மனுவோடு படியேற வேண்டும். கொடுப்பவருக்கு வீடோ நிலமோ இருந்தால், தொகைக்குப் பொறுப்பாக அதன் மேல் பாத்தியதை உண்டாக்கும்படியும் 25ஆம் பிரிவிலேயே கேட்கலாம். இதைக் கேட்கிறவர்கள் குறைவு. ஏனென்று எனக்குப் புரிந்ததே இல்லை.

வருமான வரியில் மொத்தத் தொகையைப் பொதுவாக மூலதன வரவாகவே பார்க்கிறார்கள். மாதாமாதம் வருவது வாங்குபவரின் வருமானம். கொடுப்பவருக்குக் கழிவு கிடையாது. தொகை பெரிது என்றால் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆறாம் படி: உத்தரவு வந்த பிறகு

தொகை போதவில்லை, அல்லது தாங்கவில்லை என்றால், இந்து திருமணச் சட்டத்தில் 90 நாளுக்குள் மேல்முறையீடு. அதற்கு முன்னால் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள்.

நிரந்தரம் என்று பெயர் இருந்தாலும் மாதத் தொகை கல்லில் செதுக்கியது அல்ல. வேலை போனது, ஓய்வு பெற்றார், பெரிய நோய் வந்தது, அல்லது எதிர்ப்பக்கம் சம்பளம் இரண்டு மடங்கானது என்றால் யார் வேண்டுமானாலும் மாற்றக் கேட்கலாம். வாங்குபவர் மறுமணம் செய்தால் கொடுப்பவர் மனு போட்டு நிறுத்தலாம். தானாகவே நிறுத்திவிடாதீர்கள், உத்தரவு மாறும்வரை பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும்.

கொடுக்கிறவர் ரொக்கமாகக் கையில் கொடுக்கவே வேண்டாம். பேங்க் வழியாக அனுப்புங்கள், எந்த மாதத்துக்கு என்று குறிப்பும் எழுதுங்கள். பிள்ளையைப் பார்க்கப் போனபோது கவரில் கொடுத்தேன் என்று சொல்லி நிரூபிக்க முடியாமல் எட்டு மாதத் தொகையை மறுபடி கட்டிய ஒருவரைத் தெரியும்.

பணம் வரவில்லையா? குடும்ப நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தொட முடியாது. ஜீவனாம்சத்துக்கு மட்டும் மூன்றில் இரண்டு பங்குவரை ஜப்தி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் கொடுக்கிறது. 144ஆம் பிரிவில் வாங்கிய உத்தரவு என்றால், வாரண்டுக்குப் பிறகும் கட்டாத மாதத்துக்கு ஒரு மாதம்வரை சிறை. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஒவ்வொரு மாதத் தொகைக்கும், அது பாக்கியான நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் இந்த மனுவைப் போட்டாக வேண்டும். "பாவம், அடுத்த மாசம் தரேன்னார்" என்று பதினான்கு மாதம் பொறுத்திருந்துவிட்டு வந்தால், முதல் இரண்டு மாதப் பாக்கிக்கு இந்த வாரண்டைக் கேட்க முடியாது.